மைனஸ் 0.38 சதவீதம் பெட்ரோல்

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் அதில் எத்தனை சதவீதம் பெட்ரோலாகத் தேறும் என்று கணிக்க ஒரு மாடல் போட்டேன். ஆர் ஸ்கொயர் (தரவின் ஏற்ற இறக்கத்தில் மாடல் விளக்கும் பங்கு, 1 என்றால் முழுதும்) 0.979 வந்தது. பார்த்தவுடன் ரிப்போர்ட்டில் ஒட்டி அனுப்பிவிடத் தோன்றும் எண். அதே மாடல்தான் ஓர் எண்ணெயிலிருந்து மைனஸ் 0.38 சதவீதம் பெட்ரோல் வரும் என்றும் சொன்னது. அதாவது, காய்ச்சுகிறவர் தன் கையிலிருக்கும் பெட்ரோலையும் கொஞ்சம் உள்ளே ஊற்ற வேண்டும்.

சதவீதத்தை ஒரு சாதாரண எண்ணாக நினைத்து ரிக்ரெஷனில் (சில அளவுகளை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் சமன்பாட்டில்) போட்டால் என்ன ஆகும், அதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு சின்னத் தரவில் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்த பதிவு இது.

தரவு பழையது. பிரேட்டர் என்பவர் 1956-இல் பெட்ரோலியம் ரிஃபைனர் இதழில் வெளியிட்டது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் வைத்திருப்பவர்கள் தேடி அலைய வேண்டாம், பீட்டாரெக் தொகுப்பிலும் மாஸ் தொகுப்பிலும் கூடவே வருகிறது. மொத்தம் 32 வரிகள். ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு பெட்ரோல் கிடைத்தது, பெட்ரோல் முழுதும் ஆவியாகி முடியும் வெப்பநிலை எவ்வளவு, எண்ணெயின் அடர்த்தி, ஆவியழுத்தம், அதில் 10 சதவீதம் ஆவியாகும் வெப்பநிலை ஆகியவை இருக்கும். வெப்பநிலை எல்லாம் பாரன்ஹீட்டில். 32 வரி என்றாலும் 32 எண்ணெய் அல்ல. பத்தே எண்ணெய்கள்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முதல் நான்கு வெப்பநிலைகளில் அளவு எடுத்திருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் 32-ஐயும் தனித்தனி எண்ணெயாக நினைத்தால் மற்றதெல்லாம் வீண், அதனால் பேட்ச் (எந்த எண்ணெய் என்ற அடையாளம்) என்ற காரணியை முதலிலேயே மாடலுக்குள் வைத்துவிட்டேன்.

கிடைத்த பெட்ரோலின் அளவு 2.8 சதவீதத்திலிருந்து 45.7 சதவீதம் வரை போகிறது. சராசரி 19.66. பூச்சியமும் இல்லை, நூறும் இல்லை. நூறு பக்கத்தில்கூட எதுவும் இல்லை. "எல்லையைத் தொடாத தரவுக்கு எல்லையைப் பற்றி என்ன கவலை?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காகவே இந்தத் தரவை எடுத்தேன்.

முதலில் நேர்க்கோடு. ஒவ்வொரு பேட்சுக்கும் தனித் தொடக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே சாய்வு. சாய்வு 0.1587 என்று வந்தது, அதாவது ஒரு டிகிரி கூடினால் பெட்ரோல் 0.16 சதவீதப் புள்ளி கூடும். மிச்சப் பிழையின் திட்டவிலக்கம் 1.88 புள்ளி. இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை.

ஏழாவது பேட்சில்தான் சிக்கல். அதன் நான்கு அளவுகள்: 235 டிகிரியில் 2.8, 275-இல் 6.4, 358-இல் 16.1, 416-இல் 27.8. சராசரி வெப்பநிலை 321, சராசரி பெட்ரோல் 13.275. கோடு இந்தச் சராசரிப் புள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கிருந்து 235-க்கு 86 டிகிரி பின்னால் வர வேண்டும். 86-ஐ 0.1587-ஆல் பெருக்கினால் 13.65. 13.275-லிருந்து 13.65-ஐக் கழித்தால் மைனஸ் 0.38. கவனியுங்கள், இது தரவுக்கு வெளியே நீட்டிப் பார்த்த கணிப்பு அல்ல. மாடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த 32 வரிகளில் ஒன்றுக்கே இந்தப் பதில்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, மைனஸ் வந்தால் பூச்சியம் என்று வெட்டிவிடுவது. எக்செலில் ஒரு ஃபார்முலா, வேலை முடிந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மைனஸ் 0.38 என்பது ஒரு அறிகுறி. வெட்டினால் அறிகுறி மறையும், நோய் அப்படியே இருக்கும். அந்த ஏழாவது பேட்சையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 235-லிருந்து 275 வரை ஒரு டிகிரிக்கு 0.09 புள்ளி ஏறுகிறது. அடுத்த துண்டில் 0.117. கடைசித் துண்டில் 0.20. பூச்சியத்துக்கு அருகில் மெதுவாக ஏறி, விலகிய பிறகு வேகமெடுக்கிறது. வளைவு தெளிவாகக் கண்ணில் படுகிறது. நேர்க்கோடு இதற்கெல்லாம் சேர்த்து ஒரே 0.159 என்கிறது. ஆக, எல்லை என்பது தொடும்போது மட்டும் தொல்லை தருவதில்லை, கிட்டே வரும்போதே கோட்டை வளைத்துவிடுகிறது.

இன்னொன்று, சிதறல். நேர்க்கோடு 3 சதவீதத்திலும் 45 சதவீதத்திலும் பிழை ஒரே 1.88 புள்ளி என்று நம்புகிறது. 3 சதவீதத்தில் இருக்கும் எண்ணுக்குக் கீழே இறங்க இடமே 3 புள்ளிதான். அங்கே சிதறல் சுருங்கித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் பழைய வைத்தியம் ஒன்று உண்டு, ஆர்க்சைன். விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுத்து அதற்கு ஆர்க்சைன் கோணம் காண்பது. வேளாண்மை படித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், விதை முளைப்புச் சதவீதம் என்றாலே அந்த அட்டவணையைப் புரட்டச் சொல்வார்கள். கால்குலேட்டர்கூட இல்லாத காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. இன்றைக்கு அதைத் தொடர்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. கோணத்தில் வரும் பதிலை வைத்துக்கொண்டு "ஒரு டிகிரி சூடு கூடினால் பெட்ரோல் எவ்வளவு கூடும்" என்று யாருக்கும் சொல்ல முடியாது. வார்ட்டன், ஹுய் இருவரும் 2011-இல் இக்காலஜி இதழில் இதைக் கடுமையாகவே விமர்சித்து, லாஜிட் பக்கம் போகச் சொன்னார்கள்.

லாஜிட் என்பது பின்னத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மிச்சத்தால் வகுத்து லாக் எடுப்பது. 0-க்கும் 1-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் எண் இப்படிச் செய்ததும் இரண்டு பக்கமும் எல்லையில்லாத கோட்டுக்கு வந்துவிடும். அங்கே தாராளமாக நேர்க்கோடு போடலாம், திரும்பி வரும்போது எப்படியும் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் விழும்.

ஆனால் தரவையே லாஜிட்டாக மாற்றிவிட்டுச் சாதாரண ரிக்ரெஷன் போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஏழாவது பேட்சின் இரண்டு முனைகள் 2.8, 27.8. இரண்டுக்கும் சராசரி 15.3. இதையே லாஜிட்டில் மாற்றி (மைனஸ் 3.547, மைனஸ் 0.954), அங்கே சராசரி எடுத்து, திரும்பச் சதவீதமாக்கினால் 9.5 வருகிறது. 15.3 எங்கே, 9.5 எங்கே! சராசரிப் பெட்ரோல் எவ்வளவு என்று கேட்ட முதலாளிக்கு 9.5 என்று சொன்னால் கிடங்கில் கணக்கு இடிக்கும். தரவை மாற்றாமல், சராசரியை மட்டும் லாஜிட் வழியாகப் பார்க்கும் மாடல்தான் வேண்டும்.

அதைத்தான் பீட்டா ரிக்ரெஷன் செய்கிறது. ஃபெராரி, கிரிபாரி-நெட்டோ என்ற பிரேசில் புள்ளியியலாளர்கள் 2004-இல் இன்று புழக்கத்தில் இருக்கும் வடிவத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இந்தப் பெட்ரோல் தரவும் ஒன்று. விடை பீட்டா பரவலில் (0-க்கும் 1-க்கும் நடுவில் மட்டும் இருக்கும் எண்களுக்கான பரவல்) வருகிறது என்று வைத்துக்கொண்டு, சராசரிக்கு ஒரு சமன்பாடு, துல்லியத்துக்கு ஃபை என்று ஓர் எண். சிதறல் தானாகச் சராசரியைப் பின்தொடரும்: சராசரியை ஒன்றிலிருந்து கழித்து, சராசரியாலேயே பெருக்கி, ஃபையோடு ஒன்று கூட்டி வகுத்தால் அதுதான் மாறுபாடு.

ஓட்டிப் பார்த்தேன். வெப்பநிலையின் குணகம் 0.010967, ஃபை 440. தொடக்கம் மைனஸ் 6.16 என்று வருவதைப் பார்த்து மிரள வேண்டாம். அது பத்தாவது பேட்சை 0 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்ற அர்த்தமில்லாத கேள்விக்குப் பதில். இந்தத் தரவில் ஒப்பிடும் அடிப்படையாகப் பத்தாவது பேட்சைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஃபை 440 என்றால் கையில் பிடிபடுகிற மாதிரி எவ்வளவு? சராசரி 4.6 சதவீதமாக இருக்கும் இடத்தில் திட்டவிலக்கம் 1.0 புள்ளி, 20 சதவீதத்தில் 1.9, 45-இல் சுமார் 2.4. நடுவில் நேர்க்கோடு சொன்ன 1.88-ஐ ஒட்டியே வருகிறது, கீழே வரவரச் சுருங்குகிறது. எதிர்பார்த்தது இதைத்தான்.

குணகத்தை விளக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. 10 டிகிரி கூடினால் விகித வாய்ப்பு (பெட்ரோலாகத் தேறியதை மிச்சத்தால் வகுத்தது) 1.116 மடங்காகும் என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஆலையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நான் சதவீதப் புள்ளியாகவே மாற்றிக்கொள்கிறேன். 0.010967-ஐச் சராசரியாலும், ஒன்றிலிருந்து அதைக் கழித்த மிச்சத்தாலும் பெருக்க வேண்டும். 5 சதவீதத்தில் இருக்கும் எண்ணெய்க்கு ஒரு டிகிரிக்கு 0.05 புள்ளி, 20-இல் இருப்பதற்கு 0.175, 45-இல் இருப்பதற்கு 0.27. "வெப்பநிலையின் விளைவு எவ்வளவு?" என்றால் "எங்கே நின்று கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான். ஒரே எண்ணாகப் பதில் வேண்டும் என்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், ஆனால் தரவு அப்படித்தான் நடந்துகொள்கிறது.

சரி, மைனஸ் 0.38 என்ன ஆனது? லாஜிட் வழியாகப் போட்ட இந்தப் பீட்டா மாடலில் அதே 235 டிகிரிக்கு 4.6 சதவீதம். உண்மை 2.8. மைனஸ் போய்விட்டது, ஆனால் இப்போது மேலே தூக்கிச் சொல்கிறது. மறு முனையில் முதல் பேட்சின் 407 டிகிரி வரிக்கு 50.8 என்கிறது, உண்மை 45.7. அதுவும் மேலே தூக்கித்தான். இந்த 407 டிகிரி வரிதான் தரவில் நான்காவது வரி. இதை மட்டும் நீக்கினால் ஃபை 440-லிருந்து 578-க்கு ஏறுகிறது. ஒரே வரி இவ்வளவு ஆட்டம் காட்டுகிறதே, அவுட்லையர் (கூட்டத்தை விட்டு விலகிய புள்ளி) என்று தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்குவதற்கு முன் முதல் பேட்சைத் தனியாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். 205 டிகிரியில் 12.2, 275-இல் 22.3, 345-இல் 34.7, 407-இல் 45.7. லாஜிட்டில் மாற்றினால் மைனஸ் 1.974, மைனஸ் 1.248, மைனஸ் 0.632, மைனஸ் 0.172. துண்டு துண்டாகச் சாய்வு எடுத்தால் 0.0104, 0.0088, 0.0074. இறங்கிக்கொண்டே போகிறது. நான்காவது வரி தனியாக எங்கோ விலகி நிற்கவில்லை. நான்கு புள்ளிகளும் ஒழுங்காக ஒரே வளைவில்தான் நிற்கின்றன, அதை நேராக்குகிறேன் என்று லாஜிட் அளவுக்கு மீறி மறுபக்கம் வளைத்துவிட்டது. ஏழாவது பேட்சிலும் அதே கதை: 0.0216, 0.0124, 0.0120.

லாஜிட் 50 சதவீதத்துக்கு இரண்டு பக்கமும் சமச்சீரானது. நம் எண்ணெய் முழுதும் கீழ்ப்பாதியில் கிடக்கிறது, இங்கே சமச்சீர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பீட்டாரெக்கில் வேறு லிங்குகளும் (லாஜிட்டைப் போலச் சராசரியை எல்லையில்லாத கோட்டுக்கு மாற்றும் சூத்திரங்கள்) உண்டு, அதில் லாக்-லாக் ஒன்று. செய்முறை எளிது: பின்னத்துக்கு இயல் லாக் எடு, குறியை மாற்று, மறுபடி லாக் எடு, மறுபடி குறியை மாற்று. 0.122-க்கு லாக் மைனஸ் 2.104, குறியை மாற்றி லாக் எடுத்தால் 0.744, மறுபடி மாற்றினால் மைனஸ் 0.744. இப்படி முதல் பேட்ச் நான்கும்: மைனஸ் 0.744, மைனஸ் 0.406, மைனஸ் 0.057, பிளஸ் 0.245. சாய்வுகள் 0.0048, 0.0050, 0.0049.

இதைப் பார்த்தபோது பேனாவை வைத்துவிட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அவுட்லையர் என்று பெயர் வாங்கிய வரி மற்ற மூன்றோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஏழாவது பேட்ச் இவ்வளவு அழகாக இல்லை (0.0066, 0.0049, 0.0061), ஆனாலும் லாஜிட்டில் இருந்ததைவிட எவ்வளவோ மேல்.

மாடலாக ஓட்டினாலும் அதேதான். லாஜிட்டுக்கு ஏஐசி (மாடல்களை ஒப்பிட உதவும் எண்) மைனஸ் 145.6, லாக்-லாக்குக்கு மைனஸ் 168.3. குறைந்தது நல்லது, 22-க்கு மேல் வித்தியாசம் என்பது சாதாரணம் இல்லை. போலி ஆர் ஸ்கொயர் (ஆர் ஸ்கொயருக்கு இங்கே பயன்படும் மாற்று) 0.962-லிருந்து 0.985-க்கு ஏறுகிறது. இன்னொரு சோதனையும் உண்டு: மாடலின் நேரியல் பகுதியை வர்க்கமாக்கி அதையும் ஒரு மாறியாகச் சேர்த்துப் பார்ப்பது. லிங்க் சரியாக இருந்தால் அந்த வர்க்கத்துக்கு வேலை இருக்காது. லாஜிட்டில் சேர்த்தால் மாடல் கணிசமாக மேம்படுகிறது, லாக்-லாக்கில் சேர்த்தால் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

லாக்-லாக் அளவில் பத்து பேட்சுக்கும் சேர்த்து வெறும் மீச்சிறு வர்க்கக் கோடு ஒன்றையும் கையால் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன பொறி இதற்கும் உண்டு, இது சரிபார்க்க மட்டும்தான். சாய்வு 0.0054. ஏழாவது பேட்ச் 235 டிகிரிக்கு 3.1 சதவீதம், உண்மை 2.8. முதல் பேட்ச் 407 டிகிரிக்கு 47.4, உண்மை 45.7. நேர்மையாகச் சொன்னால் இந்த இரண்டாவது இடத்தில் நேர்க்கோடு சொன்ன 44.4 இன்னும் கொஞ்சம் கிட்டே இருக்கிறது. எல்லா வரியிலும் ஜெயிக்கிற மாடல் என்று எதுவும் இல்லை.

பெரும்பாலான பாடங்கள் சதவீதம் என்றால் லாஜிட் என்று சொல்லி அதோடு நிறுத்திவிடுகின்றன. என் கணக்கில் லாஜிட் என்பது தொடங்கும் இடம். எந்த லிங்கில் தரவு நேராகிறது என்று இரண்டு மூன்று குழுக்களைத் தாளில் எழுதிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது, புள்ளியைக் குற்றவாளியாக்கி வெளியே தள்ளுவதற்கு முன் அதைச் செய்துவிடலாம்.

பெட்ரோல் தரவில் பூச்சியமும் நூறும் இல்லாததால் இதுவரை தப்பித்தோம். பீட்டா பரவல் சரியாக 0-ஐயும் 1-ஐயும் ஏற்காது, மென்பொருள் பிழைச்செய்தி காட்டும். அப்போது 0-ஐ 0.001 ஆக்கிவிடு என்று பக்கத்து சீட்டில் இருந்து யோசனை வரும். ஏன் 0.001? லாஜிட்டில் 0.01 என்பது மைனஸ் 4.6, 0.001 என்பது மைனஸ் 6.9, 0.0001 என்பது மைனஸ் 9.2. எத்தனை பூச்சியம் தட்டினோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

இதற்குப் பரவலாகப் புழங்கும் ஒரு சூத்திரம் உண்டு: விடையை, மொத்த எண்ணிக்கையில் ஒன்று குறைத்துப் பெருக்கி, அரை கூட்டி, எண்ணிக்கையால் வகுப்பது. 44 குழந்தைகளுக்கு வாசிப்புத் தேர்வு வைத்தால் முழு மதிப்பெண் 0.9886 ஆகும், லாஜிட்டில் 4.47. அதே தேர்வை 440 குழந்தைகளுக்கு வைத்தால் அதே முழு மதிப்பெண் லாஜிட்டில் 6.78-க்குப் போய்விடும். ஒரு குழந்தையின் மதிப்பெண் மற்ற குழந்தைகளின் தலை எண்ணிக்கையைப் பொறுத்து நகர்கிறது! அவசரத்துக்கு உதவும், அதற்கு மேல் நம்பமாட்டேன்.

பூச்சியங்கள் சிலதே இருந்து, சராசரி மட்டும் தேவையென்றால் நான் ஜிஎல்எம்மில் (ரிக்ரெஷனின் பொதுவான வடிவம்) குவாசி-பைனாமியல் போட்டுவிடுவேன், அது முழுப் பரவலையும் ஊகிக்காமல் சராசரியையும் சிதறலையும் மட்டும் பார்க்கும் முறை. பேப்கி, வூல்ட்ரிட்ஜ் இருவரும் 1996-இல் அமெரிக்க ஓய்வூதியத் திட்டங்களில் சேருவோர் விகிதத்துக்கு இதே வழியைக் காட்டினார்கள். அங்கே நூறு சதவீதம் சேர்ந்த நிறுவனங்கள் நிறைய இருந்தன. இந்த முறை 0-க்கும் 1-க்கும் முகம் சுளிக்காது. பூச்சியம் என்பது வேறு காரணத்தால் வருகிறது என்றால், அதாவது குறைவாகக் குடிப்பவர் வேறு, குடிக்காதவர் வேறு என்பது போல, அதற்குத் தனிப் பகுதி வைத்த மாடல்தான் சரி.

இதெல்லாம் எண்ணிக்கை தெரியாத சதவீதத்துக்கு. 5 விதையில் 3 முளைத்தாலும் 60 சதவீதம், 500-இல் 300 முளைத்தாலும் 60 சதவீதம். முதலாவதன் திட்டப்பிழை 22 புள்ளி, இரண்டாவதன் பிழை 2.2. எண்ணிக்கை கையில் இருக்கும்போது அதைச் சதவீதமாக்கித் தொலைத்துவிட்டுப் பீட்டாவைத் தேடி ஓடுவதில் அர்த்தமில்லை, நேராக பைனாமியல் (இத்தனையில் இத்தனை என்ற எண்ணிக்கைக்கான பரவல்) போட வேண்டியதுதான். பெட்ரோலில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, அது அளவின் விகிதம். அதனால்தான் அங்கே பீட்டா. வளர்ச்சி விகிதம், விலையேற்றம் இவற்றிலும் சதவீதக் குறி ஒட்டியிருக்கும், ஆனால் அவை மைனசுக்கும் போகும், நூறையும் தாண்டும். அவற்றுக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம்.

பெட்ரோல் மாடலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இப்போதைய மாடலுக்குத் தெரிந்தது அந்தப் பத்து எண்ணெய்கள் மட்டுமே. பதினோராவது எண்ணெய் வந்தால் அதற்குப் பேட்ச் குணகம் கிடையாது. ஆனால் லாஜிட் மாடலின் பேட்ச் குணகங்களை வரிசையாக எழுதினால் ஒன்று தெரிகிறது: 1.73, 1.32, 1.57, 1.06, 1.13, 1.04, 0.54, 0.50, 0.39, அப்புறம் அடிப்படையான பத்தாவதுக்கு 0. அந்த எண்ணெய்களில் 10 சதவீதம் ஆவியாகும் வெப்பநிலை இதே வரிசையில் 190, 210, 217, 220, 231, 236, 267, 274, 284, 316. ஒன்று ஏற மற்றது ஏறக்குறைய வரிசை பிசகாமல் இறங்குகிறது. பத்து பேட்ச் குணகங்களை எடுத்துவிட்டு இந்த ஒரு மாறியை வைத்தாலே பெரும்பகுதி வேலை நடக்கும் போலிருக்கிறது. வரிசை பிசகும் இடங்கள் இரண்டு. மூன்றாவது எண்ணெய் இரண்டாவதை முந்துகிறது, அதற்கு ஆவியழுத்தம் காரணமாக இருக்கலாம் (6.1, இரண்டாவதுக்கு 3.5). ஐந்தாவது நான்காவதை முந்துவதற்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை, அங்கே அழுத்தம் 6.1-லிருந்து 4.8-க்கு இறங்கித்தான் இருக்கிறது. அடுத்து அடர்த்தியைச் சேர்த்து, லாக்-லாக்கிலேயே, ஒவ்வொரு எண்ணெயாக வெளியே வைத்துக் கணித்துப் பார்க்க வேண்டும்.